நாணயமும் வாணிபமும்

நம் நாட்டில் கூட்டுறவு இயக்கம் வேரூன்றிய காலத்தில், கடன் கொடுக்கும் சங்கங்களுக்கு ஐக்கிய நாணய சங்கம் என்று பெயர் வழங்கிற்று. பழைய பத்திரங்களில் அப்பெயரை இன்றும் காணலாம். நாணயம் என்னும் சொல்லுக்குக் காசு என்பது ஒரு பொருள். சொன்ன சொல் தவறாமை என்பது மற்றொரு பொருள். ஒருவருடைய சொல்லை நம்பிப் பொருளைக் கொடுப்பதே கடனாதலால், இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியது பொருத்தமே. இம்மாதப் பாடத்தில் அந்த இரண்டாம் பொருளை எடுத்துக்கொள்வோம். வாணிபத்தில் நம்பிக்கையும் அறிமுகமும் செய்யும் வேலை யாது, அதனால் யாருக்கு ஆதாயம், யாருக்கு நஷ்டம் என்பதே நம் ஆராய்ச்சி.

வாணிபத்திற்கு விற்பவர், வாங்குபவர், விலை ஆகிய மூன்றும் போதும் என்று தோன்றலாம். சந்தையில் கத்தரிக்காய் வாங்குவோருக்கு அவை போதும். காயைக் கண்ணால் பார்க்கிறோம், காசை எண்ணிக் கொடுக்கிறோம், கணக்குத் தீர்ந்தது. சாய நூல் வாங்கும் நெசவாளரின் நிலை வேறு. சாயம் நிற்கும் என்று சொல்லி விற்ற நூல் நிறம் விடுமாயின், அது சேலையை வாங்கியவர் வீட்டில் முதல் சலவையின்போதுதான் வெளிப்படும். அதற்குள் நூல்காரர் பணத்தை வாங்கிச் சென்றிருப்பார். பழி மட்டும் தறிக்காரருக்கு வரும். மஞ்சள் விளைவிப்பவருக்கும் இதே தொல்லை வேறு வடிவில் உண்டு. மூட்டையை இன்று ஏற்றிவிட்டுப் பணத்தைப் பதினைந்து நாள் கழித்து வாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பதினைந்து நாளும் அவர் வியாபாரிக்குக் கடன் கொடுத்தவரே ஆகிறார். தாம் கடன் கொடுக்கிறோம் என்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை!

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஐயாயிரம் ரூபாய் பாக்கிக்கு வழக்காடுபவர் வக்கீலுக்கும் போக்குவரத்துக்கும் எவ்வளவு செலவிடுவார், எத்தனை நாள் தறியை நிறுத்துவார் என்று கணக்கிட்டால், பாக்கியை விட்டுவிடுவதே இலாபம் என்று தெரியும். பெருந்தொகைக்கு நீதிமன்றம் உதவும். சிறு தொகைக்கு அது எட்டாக்கனி. நம் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் சிறு தொகை. ஆகவேதான், ஏழை நாடுகள் யாவற்றிலும் சட்டம் செய்ய வேண்டிய வேலையின் பெரும்பகுதியை மனிதரின் அறிமுகம் செய்துவருகிறது.

இதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் பார்ப்போம். மடகாஸ்கர் என்னும் பெருந்தீவின் மக்கள் நம்மைப் போலவே அரிசியுணவினர். அந்நாட்டு அரசாங்கம் தானிய வாணிபத்தின்மீது வைத்திருந்த கட்டுப்பாடுகளை 1980-களில் தளர்த்திற்று. தடைகள் நீங்கின, சிறு வியாபாரிகள் திரளாக இறங்கினர். இனி வாணிபம் தானே செழிக்கும் என்று பலரும் எதிர்பார்த்தனர். 1997-இல் மார்செல் பாப்சாம்ப்ஸ், பார்ட் மிண்டன் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் அங்கே நூற்றுக்கணக்கான தானிய வியாபாரிகளை நேரில் விசாரித்து எழுதிய கட்டுரைகள், வாணிபத்தைப் பற்றி நினைப்பவர் எல்லாரும் அறிய வேண்டியவை.

அவ்வியாபாரிகள் ஒவ்வொரு முறையும் மூட்டையைத் திறந்து அரிசியைத் தாமே பார்த்து வாங்கினர். தூரத்திலிருந்து ஆர்டர் கொடுத்துச் சரக்கை வரவழைப்பது அரிது. கடன் குறைவு, கையில் காசு, வாயில் தோசை என்ற முறையே பெரும்பாலும் நடந்தது. வாணிபத்தில் முன்னேற எது முக்கியம் என்று வினவியபோது, கொள்முதல் விலை, விற்பனை விலை, கடன் வசதி, தட்டுமுட்டுச் சாதனங்கள் ஆகிய எல்லாவற்றிற்கும் மேலாக மனிதத் தொடர்பையே அவர்கள் வைத்தனர். இது வெறும் பேச்சன்று. முதலும் அனுபவமும் ஒத்த இரு வியாபாரிகளை ஒப்பிட்டால், பிற வியாபாரிகளை அதிகம் அறிந்தவருக்கே விற்பனையும் இலாபமும் மிகுந்திருந்தன. நம்பிக்கையுள்ள இடத்தில் மூட்டையைத் திறந்து பார்க்கும் நேரம் மிச்சம். சரக்கு எங்கே மலிவு என்ற செய்தி விரைவில் கிட்டும். ஒரு வாரத் தவணையும் கிடைக்கும். அதுவே இலாபமாக மாறுகிறது.

ஆயினும் அவர்கள் கண்ட மற்றொரு செய்தியே நம் சிந்தனைக்கு அதிகம் உரியது. அந்த நம்பிக்கை எப்படிப் பிறந்தது? ஒருவரோடொருவர் பல முறை கொண்டு கொடுத்துப் பழகியதனால் பிறந்தது. மூன்றாமவர் சிபாரிசு அதில் சிறு பங்கே பெற்றது. பணம் கட்டாமல் ஏமாற்றிய வாடிக்கைக்காரரைப் பற்றிய செய்தி ஏமாந்தவரைத் தாண்டி அதிக தூரம் பரவவில்லை. எனவே ஏமாற்றியவரை எல்லாரும் சேர்ந்து ஒதுக்கும் தண்டனையும் அங்கே பலமாக இல்லை. ஒவ்வொரு வியாபாரியும் தம் அனுபவத்தைத் தாமே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஒருவர் பட்ட நஷ்டம் பத்துப் பேருக்குப் பாடமாகாத இடத்தில் வாணிபம் சிறிதாகவே இருக்கும். தடையை நீக்கியதால் மட்டும் சந்தை பெருகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வியட்நாமில் 1990-களின் நடுவில் தனியார் தொழில்கள் தலையெடுத்தபோதும் ஏறக்குறைய இதுவே நிலைமை. நீதிமன்றத்தை நம்புவாரில்லை. நெடுநாள் பழகிய வாடிக்கைக்காரருக்கும், வியாபார அறிமுகத்தின் வழியாக வந்தவருக்கும் அதிகக் கடன் கொடுத்தனர். வேறிடம் போக வழியில்லாத வாடிக்கைக்காரருக்கும் தாராளமாகக் கொடுத்தனர். இந்தக் கடைசி வகையை அங்கத்தினர்கள் மறவாதிருக்கவும். பின்னால் அதனிடம் திரும்புவோம்.

செய்தி பரவும்படி ஏற்பாடு செய்துகொண்ட சமூகங்களும் உண்டு. நைஜீரியாவின் இபாதான் நகரில் ஹௌசா இனத்தார் வாழும் சாபோ என்னும் பகுதியை ஆப்னர் கோஹன் என்ற மானிடவியலாளர் 1960-களின் தொடக்கத்தில் தங்கி ஆராய்ந்து, 1969-இல் நூலாக வெளியிட்டார். வடக்கே புல்வெளி நாட்டிலிருந்து மாட்டு வியாபாரி நூற்றுக்கணக்கான மைல் கடந்து தெற்கே மந்தையைக் கொண்டு வருகிறார். வாங்குபவர் யொருபா இனத்துக் கசாப்புக்காரர். மொழி வேறு, ஊர் வேறு. அவரிடம் ரொக்கம் கிடையாது. இறைச்சியை விற்றுச் சில வாரம் கழித்துத்தான் பணம் கொடுப்பார். வியாபாரிக்கோ முன்பின் அறியாத ஊரில் யாரை நம்புவதென்று தெரியாது. மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பவும் முடியாது. இவ்விருவருக்கும் நடுவே மை கிடா, அதாவது வீட்டுக்காரர், என்னும் தரகர் நிற்கிறார். வியாபாரிக்குத் தம் வீட்டில் இடமும் உணவும் தந்து, மாட்டை விற்றுக் கொடுத்து, கசாப்புக்காரர் பணம் கட்டாவிடில் அதனைத் தாமே கட்டுவதாகப் பொறுப்பேற்கிறார். தங்குவதற்கும் உண்பதற்கும் கட்டணமில்லை. விற்பனையில் வரும் தரகே அவருக்கு வருமானம். எந்தக் கசாப்புக்காரர் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை அறிந்திருப்பதே அவருடைய முதல். அறியாத இருவரை அறிந்த ஒருவர் இணைக்கிறார். அந்த அறிவை விற்கிறார். நம் கமிஷன் மண்டிக்காரர் செய்வதும் இதுவேயன்றோ?

தமிழ்நாட்டிலேயே இதனினும் பெரிய உதாரணம் உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை, இந்தோசீனம் ஆகிய நாடுகளில் நடத்திய லேவாதேவியைக் கூறுகிறோம். 1930-ஐ ஒட்டிய காலத்தில் பர்மாவில் மட்டும் அவர்களுக்கு ஆயிரத்தறுநூறுக்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடலுக்கு அப்பால் கடையை நடத்துபவர் சம்பளத்துக்கு அனுப்பப்பட்ட ஏஜண்டு. ஏஜண்டின் தவணை வழக்கமாக மூன்று ஆண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. இலட்சக்கணக்கான ரூபாயைக் கையாண்டவர் மோசம் செய்யாதிருந்தது எதனால்? அவருடைய குடும்பம் அதே ஊரில் இருந்தது. ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றில் அவர் புள்ளி. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்த வட்டத்திற்குள்தான். நாணயம் தவறியவருக்கு அடுத்த வேலையும் இல்லை, மகனுக்குப் பெண்ணும் இல்லை. இரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடித் தமக்குள் நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். ஒரு கடையில் பணம் போதாவிடில் அடுத்த கடை கொடுத்து உதவிற்று. உண்டியல் ஒரு துண்டுக் காகிதந்தான். அதை எழுதியவர் யார் என்பதே அதன் பெறுமானம்.

இவ்வளவு தூரம் படித்த அங்கத்தினர், நம்பிக்கை என்பது நன்மையே தருவது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நகரத்தாருக்குள் நடப்பு வட்டி குறைவு. பர்மிய உழவருக்குக் கொடுத்த வட்டி அதனினும் அதிகம், அடமானமோ நிலம். வட்டத்துக்குள் சொல் போதும். வட்டத்துக்கு வெளியே பத்திரம் வேண்டும். 1930-இல் நெல் விலை வீழ்ந்தபோது உழவரால் கடனைத் தீர்க்க இயலவில்லை. பதின்மூன்று முக்கிய நெல் ஜில்லாக்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்தது, 1938 வாக்கில் 25 பங்காயிற்று. அவர்கள் விரும்பிச் சேர்த்த நிலமன்று. பணத்திற்கு ஈடாக வந்து சேர்ந்தது. ஆனால் நிலத்தை இழந்தவருக்கு அந்த வேற்றுமை என்ன ஆறுதல் தரும்? மனக்கசப்பு வளர்ந்தது, பர்மா சுதந்திரமடைந்த 1948-லேயே நில தேசியச் சட்டம் வந்தது. நகரத்தாரின் பர்மா முதலில் பெரும்பகுதி திரும்பவேயில்லை. உள்ளே எவ்வளவு உறுதியாக இருந்ததோ, அதே வட்டம் வெளியாருக்கு அவ்வளவு உயரமான மதிலாகவும் இருந்தது.

மற்றொரு குறையும் உண்டு. அறிமுகம் முதலை எப்போதும் திறமையுள்ள இடத்திற்கே கொண்டு செல்வதில்லை. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றி அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி என்போர் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை எடுத்துக் காட்டிற்று. உள்ளூர்க் கவுண்டர் சமூகத்துத் தொழிலதிபர்களுக்கு உறவின் முறையில் முதல் எளிதில் கிடைத்தது. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அவ்வசதி குறைவு. ஆகவே உள்ளூரார் அதிக முதலோடும், வெளியார் குறைந்த முதலோடும் தொழிலை நடத்தினர். ஆயினும் வெளியாரின் ஏற்றுமதி விரைவாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உள்ளூராரை முந்திற்று. குறைந்த முதலில் இவ்வளவு செய்தவருக்கு இன்னும் கொஞ்சம் கிடைத்திருந்தால் ஊருக்கே நன்மையாக இருந்திருக்கும். இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. பணம் அறிந்தவரிடம் போகிறது. அறியாதவர் திறமைசாலியா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை.

இனி நம் சங்கங்களுக்கு வருவோம். சங்கம் நல்ல கூலி கொடுத்தும் அங்கத்தினர் ஏன் தனியார் முதலாளிக்கே நெய்கிறார் என்ற கேள்வி பல மகாசபைகளில் எழக் கேட்டிருக்கிறோம். அங்கத்தினருக்கு விசுவாசமில்லை என்று நிர்வாக சபையார் பதில் கூறுவது வழக்கம். அந்தப் பதில் நமக்கு உடன்பாடன்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மகளின் பிரசவச் செலவுக்கு நெசவாளர் ஒருவர் முதலாளியிடம் 20,000 ரூபாய் முன்பணம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரமில்லை, வட்டியில்லை. ஆனால் முன்பணம் தீரும்வரை வேறெவருக்கும் நெய்யக் கூடாது. சேலைக்குக் கூலி சங்கத்தைவிட 60 ரூபாய் குறைவு. மாதம் 8 சேலைக்கு 480 ரூபாய். ஆண்டுக்கு 5,760 ரூபாய். அதாவது நூற்றுக்கு 28 ரூபாய் 80 காசு வட்டி! முன்பணமோ அப்படியே நிற்கிறது. வட்டி என்ற சொல்லே எழாத கடனில் இவ்வளவு வட்டி ஒளிந்திருக்கிறது. வேறிடம் போக வழியில்லாத வாடிக்கைக்காரருக்கு வியட்நாமியர் தாராளமாகக் கொடுத்தார்கள் என்று மேலே கூறினோம். அதன் உட்பொருள் இப்போது விளங்கும்.

எனினும் நெசவாளர் இதனை அறியாமல் செய்கிறார் என்று எண்ணுவது தவறு. பெரும்பாலோருக்கு இக்கணக்கு நன்றாகத் தெரியும். முதலாளி இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் பணம் தருகிறார். மழைக்காலத்தில் விற்பனை மந்தமானாலும் பாவு கொடுக்கிறார். வீட்டு விசேஷத்திற்கு வருகிறார். சங்கமோ, நாம் தணிக்கை செய்த ஓரிடத்தில் கண்டவாறு, நெய்து கொடுத்த துணிக்கு இரண்டரை மாதம் கூலி பாக்கி வைத்திருந்தது. ஏன் பாக்கி, எப்போது வரும் என்று கேட்டவருக்கு ஒரு வார்த்தை விடை இல்லை. பணத்தாமதத்தையாவது அங்கத்தினர் பொறுத்திருப்பார்கள். அந்த மௌனத்தைப் பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டு அச்சங்கத்தில் ஓடிய தறிகள் பாதியாயின. ஆக, முதலாளியிடம் நெசவாளர் 60 ரூபாய் கொடுத்து வாங்குவது நிச்சயத்தை. சங்கம் அந்த நிச்சயத்தைத் தராதவரை, கூலியை இன்னும் பத்து ரூபாய் உயர்த்துவதால் பயன் விளையாது.

கூட்டுறவின் மூலவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தனர். ஜெர்மனியில் ரைபைசன் 1864-இல் ஹெட்டஸ்டார்ப் என்னும் ஊரில் கடன் சங்கத்தை அமைத்தபோது, சங்கத்தின் எல்லை ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டாரமாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அங்கத்தினர் அனைவரும் வரையறையற்ற பொறுப்பை ஏற்றனர். பக்கத்து வீட்டார் கடனைக் கட்டாவிடில் தம் நிலத்திற்கே ஆபத்து என்றால் யாரும் கண்ணை மூடிக்கொண்டிருக்க மாட்டார் அல்லவா? சென்னை அரசாங்கம் இதனை ஆராய நியமித்த பிரடெரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் வெளியிட்ட அறிக்கையில் ரைபைசன் முறையையே சிபாரிசு செய்தார். 1904-ஆம் ஆண்டுச் சட்டமும் கிராமச் சங்கங்களுக்கு வரையறையற்ற பொறுப்பை விதித்தது. மை கிடாவின் வீட்டிலும் நகரக் கோயிலிலும் இருந்த அதே அறிமுகந்தான் இங்கும் அடிப்படை. பிறப்பாலன்றி விதிப்படி எவரும் அதில் சேரலாம், கணக்கு எல்லாருக்கும் திறந்திருக்கும், ஆளுக்கு ஒரு வாக்கு என்பவையே புதுமை.

காலப்போக்கில் சங்கங்கள் பெருத்தன. ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர் என்று ஆயிற்று. பொறுப்பும் பங்குத்தொகை அளவுக்குச் சுருங்கிற்று. எவர் கடன் வாங்கினார், எவர் கட்டவில்லை என்பது காரியதரிசிக்கும் குமாஸ்தாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாகிவிட்டது. அங்கத்தினருக்கு அங்கத்தினரிடம் இருந்த நம்பிக்கை, குமாஸ்தா என்ற ஒரே மனிதர் மீது ஏறி நின்றது. அவர் நல்லவராயின் சங்கம் நடக்கிறது. மாற்றலாகிப் போனால் தடுமாறுகிறது. மடகாஸ்கர் சந்தையில் செய்தி பரவாமை எப்படிக் கேடாயிற்றோ, அப்படியே இங்கும். ஆகவே கூலிப் பாக்கி, கடன் பாக்கி, சரக்கிருப்பு ஆகிய மூன்றையும் மாதந்தோறும் முதல் வாரத்தில் பலகையில் எழுதி வைப்பதை நாம் மிகவும் வற்புறுத்துகிறோம். பாக்கிதாரரின் பெயரை ஊரறிய எழுதி அவமானப்படுத்துவதை நாம் ஆதரிக்கவில்லை. அது பகையை வளர்க்கும். தெருவுக்கு, அல்லது இருபது தறிக்கு, எவ்வளவு நிலுவை என்று எழுதினால் போதும். அந்தத் தெருவார் ஆளைத் தாமே அறிவர்.

விளைவிப்போருக்கும் ஒரு வார்த்தை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதனால் தரகருக்கு ஆதாயம் உண்டு. பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் திறந்த ஏலம் நடப்பதன் பயன் அந்தத் துண்டை எடுத்துவிடுவதே. வட கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைப்பேசி வந்தபோது மீனவர் கடலிலிருந்தே எந்தத் துறையில் என்ன விலை என்று விசாரித்தனர். துறைக்குத் துறை இருந்த விலை வித்தியாசம் சுருங்கிற்று, விற்காமல் கொட்டிய மீன் ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. விலைச் செய்தியைக் கைப்பேசி தரும். எடைக்கு ஏற்பப் பணம் வருமா, வாக்களித்த நாளில் வருமா என்பதை அது தராது. அதற்குத் தரம் பிரித்தலும் சரியான எடைச் சீட்டும் வேண்டும். நம் சங்கம் முதல் தரம் என்று முத்திரையிட்ட மஞ்சள் மூட்டையை வடநாட்டு வியாபாரி திறந்து பாராமல் ஏற்றுக்கொள்ளும் நாள் வருமாயின், அந்த முத்திரை நகரத்தாரின் உண்டியலுக்குச் சமானம். ஓர் அங்கத்தினர் மூட்டையின் அடியில் ஈர மஞ்சளை வைத்தால் அந்த முத்திரை முந்நூறு பேருக்கும் போய்விடும். எனவே அடி மூட்டையைச் சோதிப்பதை அவமதிப்பாக எண்ண வேண்டாம். தலைவருடைய மூட்டையிலிருந்தே சோதனையைத் தொடங்கலாம்.

எஞ்சியிருப்பது புதியவர் பிரச்னை. வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்து வாடகை வீட்டில் தறி போட்டிருப்பவருக்கு ஜாமீன் நிற்க ஆளில்லை. ஆகவே கடன் இல்லை. ஆகவே முதலாளியே கதி. திருப்பூர்க் கணக்கைப் படித்த பின்னரும் இவரை வெளியே நிறுத்துவது சங்கத்திற்கே நஷ்டம். நாம் பார்த்தவரையில் ஒரு வழி பயன் தருகிறது. முதல் ஆறு மாதம் கடன் தராமல் பாவும் ஊடும் மட்டும் கொடுத்து, குறித்த நாளில் துணி வருகிறதா, எடை சரியாக இருக்கிறதா என்று அவர் பாஸ் புத்தகத்திலேயே பதிந்து வருவது. ஆறு மாதப் பதிவு ஒழுங்காயிருப்பின், அதையே ஜாமீனாக ஏற்றுச் சிறு கடன் வழங்குவது. உறவினர் சொல்லுக்குப் பதிலாக அவருடைய தறியே சாட்சி சொல்லட்டும். இதற்குச் சங்கத்தின் துணை விதியில் இடமிருக்கிறதா என்று அங்கத்தினர்கள் பார்த்து, இல்லையாயின் அடுத்த மகாசபைக்கு முன் திருத்தத் தீர்மானமாக எழுதிக் கொடுக்கலாம். தீர்மானத்தின்மீது பேசும்போது, ஆறு மாதம் என்பது அதிகமா குறைவா, பதிவு தவறாயின் மறுப்பதற்கு நெசவாளருக்கு என்ன வழி, அதனை விசாரிக்கும் மூவர் யார் என்பவற்றையும் சேர்த்து விவாதிக்கவும்.